ஒலி அட்டை இல்லாத கல்லறை

பகலெல்லாம் ஒரு கல்லறை வாசலில் நின்று
சீட்டுக் கிழிப்பது என் வேலை.
சுவரைத் தொடாதீர்கள் என்று ஆறு மொழிகளில் சொல்வேன்.
ஏழாவது, விசில்.
இரவு பதினொன்றுக்கு, மகள் தூங்கியபின்
அவள் மடிக்கணினியில் அதே மேற்குக் கரையில் இறங்குகிறேன்.
கையில் இயந்திரத் துப்பாக்கி.
முதல் வேலையாக ஒரு சுவரைத் தகர்க்கிறேன்.

இருபத்தாறு வருடம் கழித்துத்
தூசி தட்டி மறுபடி விற்கிறார்கள் இதை,
இரண்டு தட்டு குஷாரி விலைக்கு.
விளிம்புகள் இப்போது மழுங்காமல் தெரிகின்றன.
அன்று மணல்புயல் என்று நாங்கள் நம்பியது
ஹெல்மியின் கெட்டுப்போன திரை.

லக்சரில், டெலிவிஷன் தெருவில் இருந்தது ஹெல்மியின் கடை.
மணிக்கு ஒரு பவுண்டு. நான்கு கணினிகள்.
ஒன்றில் மட்டும்தான் இந்த ஆட்டம் ஓடும்,
அதில் ஒலி அட்டை கிடையாது.
ஆகவே பகீத்.

நான் சுடுவேன், அவன் வாயால் வெடிப்பான்.
தோட்டா உறை கல்லில் விழும் சிணுக்கு,
பல்லிடுக்கில் தேள் ஊர்வது,
திறக்கும் கதவு, திறக்காத கதவு.
மம்மிக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தான்:
அடிவயிற்றில் கிளம்பி மூக்கில் முடியும் முனகல்,
பல் பிடுங்கப் போய்
பாதியில் மனம் மாறியவனுடையது போல.
பக்கத்து மேசைப் பையன்கள் எழுந்து வந்து நிற்பார்கள்.
ஹெல்மி ஒருநாள் கை நீட்டினான்:
சத்தத்துக்குத் தனிக் கட்டணம்.

இன்று எல்லாச் சத்தமும் இருக்கிறது.
ஒரு குழல், ஒரு முரசு,
எதற்கென்று தெரியாமல் அழுகிற ஒரு பெண்.
பாலைவனம் இப்படித்தான் ஊதும் என்று
மழை விடாத ஏதோ ஊரில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.
மம்மி முனகுகிறது.
யாரோ முனகுகிறார்கள்,
அவ்வளவுதான்.

எனக்குச் சித்திர எழுத்து வாசிக்கத் தெரியாது.
ஆனால் பத்தொன்பது வருடம் அசலுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு
வாத்து எப்படி நிற்கும் என்று தெரியும்.
இங்கே வாத்து தலைகீழாக நடக்கிறது,
அறைக்கு அறை அதே வாத்து,
குளியலறை ஓடு பதித்த மாதிரி.

ஊரில் ஆளே இல்லை.
நைல் இருக்கிறது, படகு இருக்கிறது,
கூலி பேசி இழுக்கப் படகோட்டி இல்லை.
நாய்த்தலைத் தெய்வம் உண்டு, ஒரு நாய் கிடையாது.
எங்களைக் காப்பாற்ற வந்த அயல்நாட்டுச் சிப்பாய்க்கு
ஒரு கிளாஸ் டீ நீட்ட ஒருவரும் இல்லை.
அன்று அது உறைக்கவில்லை.
அன்று நாங்கள்தானே சிப்பாய்.
மூன்றாம் கட்டத்தில் படகுத்துறையைப் பார்த்துவிட்டு
பகீத் துள்ளினான்:
"அந்த மூலை திரும்பினால் உன் வீடு, ரஸ்மி!"
திரும்பினோம்.
ஒரு சிலந்தி. ஒரு நீலச் சாவி.

பகீத் இப்போது குர்தகாவில்,
ஒரு ஹோட்டலின் குளிர்சாதனங்களுக்கு மருத்துவன்.
ஏழு மாதமாகப் பேச்சில்லை.
காரணம் ஒரு கடன்,
கடனைவிடச் சின்னதாக ஒரு சொல். சொன்னது நான்.

நள்ளிரவு தாண்டி அவனுக்கு அனுப்புகிறேன்,
விளக்கம் இல்லாமல்:
மம்மி.

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன.
பிறகு ஒன்றுமில்லை. டீ போட்டேன், குடித்தேன்.
பிறகு குரல் பதிவு, ஒன்பது வினாடி.
சலாம் இல்லை, பணப்பேச்சு இல்லை.
பின்னால் ஏதோ மோட்டார் ஓடுகிறது.
அடிவயிற்றில் கிளம்பி,
மூக்கு வரை,
அதே முனகல்.

கணினியின் சத்தத்தை முழுக்க அடைத்தேன்.
கைபேசியைத் திரையில் சாய்த்து வைத்தேன்.
நீளத் தாழ்வாரத்தின் கடைசியில்
துணி அவிழ்ந்து அது வரும் நேரம் பார்த்து அழுத்தினேன்.

வந்தது,
இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகச் சரியான குரலில் வந்தது.
முனகலின் முடிவில் ஓர் இருமல்.
பழையதில் இது கிடையாது,
சிகரெட்டோ, குளிர்காற்றோ.
விசையில் விரல் இருந்தது.
இருமி முடிக்கட்டும் என்று நின்றேன்.
அதற்குள் என்னைக் கொன்றுவிட்டது.